சட்டக இலக்கம் சொல்லும் சரித்திரம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "இது எந்த ஆண்டு வண்டி?" என்பதே. கேள்வி எளிது. ஆனால், ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென உருவான விளையாட்டு ரக வண்டியாயின் பதில் அத்தனை எளிதன்று. அதற்கு எடுத்துக்காட்டாக ஹொண்டா நிறுவனத்தின் என்.எஸ்.ஆர். 250 ஆர் என்னும் வண்டியை இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதன் அடையாளத்தைத் தேடிச் செல்பவர் ஜப்பானின் சட்டவியல் வரலாற்றையும் கொஞ்சம் படிக்க வேண்டியவராகிறார்.

1975 ஆம் ஆண்டு ஜப்பான் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திர முறையை மாற்றியது. 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைச் செலுத்த விரும்பியவர் மிகக் கடினமான தனிச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளிலேயே அந்தத் தகுதியைப் பெறலாம் என்ற தளர்வு 1996 இல்தான் வந்தது. மறுபுறம், 250 சி.சி. வரையான வண்டிகளுக்குச் செலவு மிக்க காலமுறைப் பரிசோதனை கிடையாது. ஆகவே அந்நாட்டு இளைஞர் கூட்டம் 250 சி.சி. வண்டிகளை மொய்த்தது. யமஹா 1980 இல் ஆர்.இசட். 250 ஐயும், சுசுக்கி 1983 இல் அலுமினியச் சட்டகம் கொண்ட ஆர்.ஜி. 250 காமாவையும் இறக்கின. 1985 இல் அமெரிக்க வீரர் பிரெடி ஸ்பென்சர் 250, 500 ஆகிய இரு பிரிவுகளிலும் ஹொண்டாவுக்கு உலகப் பட்டத்தை வென்று கொடுத்தார். மறு ஆண்டில் என்.எஸ்.ஆர். 250 ஆர் பிறந்தது.

249 சி.சி. கொள்ளளவு, 90 பாகைக் கோணத்தில் அமைந்த இரு சிலிண்டர்கள், நீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இயந்திரம். இந்த அடிப்படை இறுதிவரை மாறவில்லை. மாறியவை சட்டகமும் மின்னணுவும் சக்கரங்களுமே. தலைமுறைகள் நான்கு. 1986 இல் எம்.சி.16, 1988 இல் எம்.சி.18, 1990 இல் எம்.சி.21, 1993 இன் இறுதியில், 1994 ஆம் ஆண்டு மாதிரியாக, எம்.சி.28.

வாங்குபவரை மயக்கும் முதலாவது விடயம் குதிரைவலு. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் ஓர் உச்சவரம்பை வகுத்திருந்தனர். 250 சி.சி.க்கு 45, 400 சி.சி.க்கு 59. எனவே முதல் மூன்று தலைமுறைகளின் விவரப் பட்டியலிலும் 45 என்றே இருக்கும். வரம்பு 40 ஆகக் குறைந்த பின் வந்த எம்.சி.28 இல் மட்டும் 40 என்றிருக்கும். வேகமானியும் மணிக்கு 180 கிலோமீற்றருடன் நின்றுவிடும். ஆக, குதிரைவலுவைக் கொண்டு கடைசித் தலைமுறையைப் பிரித்தறியலாமே தவிர, முதல் மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாது.

இரண்டாவது மயக்கம் இன்னும் நுட்பமானது. நான்கு தலைமுறைகளின் இயந்திரங்களிலும் பொறிக்கப்பட்ட குறியீடு எம்.சி.16.ஈ என்பதே. 1994 ஆம் ஆண்டு வண்டியின் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "இது 1986 இன் இயந்திரம், யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று பதறுவதும் உண்டு. பழைய இயந்திரத்தைப் புதிய சட்டகத்தில் பொருத்திவிட்டு, "குறியீடு சரியாகத்தானே இருக்கிறது" என்று சாதிப்பதும் உண்டு. இரண்டுக்கும் இக்குறியீடு இடங்கொடுக்கிறது.

எனவே நம்பத்தக்கது சட்டக இலக்கம். நம்மவர் பேச்சில் செசி நம்பர். ஏற்றுமதி வண்டிகளில் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டிருக்கும். வட அமெரிக்காவுக்கான வண்டிகளில் பத்தாவது இடம் மாதிரி ஆண்டைச் சொல்லிவிடும். ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளில் அப்படியில்லை. எம்.சி.21 என்ற குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் ஏழு இலக்கத் தொடர் எண், அவ்வளவுதான். தலைமுறை தெரியும், ஆண்டு தெரியாது. ஆண்டை அறிய, எந்தத் தொடர் எண் எந்த ஆண்டு மாதிரிக்குரியது என்று காட்டும் உற்பத்தியாளரின் உதிரிப்பாகப் பட்டியலையே நாட வேண்டும். ஜப்பானியப் பத்திரங்களிலுள்ள ஆண்டு முதற்பதிவின் ஆண்டேயன்றி உற்பத்தி ஆண்டன்று. அதுவும் பேரரசர் சகாப்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஷோவா ஆண்டுடன் 1925 ஐயும், ஹெய்செய் ஆண்டுடன் 1988 ஐயும் கூட்டினால் நமது கணக்குக் கிடைக்கும். ஹெய்செய் 2 என்றால் 1990.

இது வெறும் ஆராய்ச்சிப் பொழுதுபோக்கன்று. கனடாவில் 15 ஆண்டும், அமெரிக்காவில் 25 ஆண்டும் கடந்த வாகனங்களுக்கே இறக்குமதிச் சலுகை உண்டு. உற்பத்தி ஆண்டை நிறுவ முடியாதவரின் வண்டி துறைமுகத்திலேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.

இலக்கத்துக்கு உடம்பும் சாட்சி சொல்ல வேண்டும். எம்.சி.18 இன் பின்சக்கரம் 18 அங்குலம், எம்.சி.21 இன் பின்சக்கரம் 17 அங்குலம். எம்.சி.21 இன் பின் கவையின் ஒரு புறம், புகைக்குழாய்களுக்கு இடம்விட்டு வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். எம்.சி.28 இல் பின்சக்கரத்தை ஒரேயொரு கை தாங்கும். சாவிக்குப் பதிலாக மின்னணு அட்டை இருக்கும். ஹொண்டாவின் பந்தயப் பிரிவு வழங்கிய வேறோர் அட்டையைச் செருகினால் இயந்திரத்தின் கட்டுப்பாடுகள் நீங்கின. ஒரே வண்டிக்கு இரு குணங்கள்!

ஏமாற்று மிகுந்திருப்பது உபரகங்களில்தான். எம்.சி.21 இல் சாதாரண ஆர் ரகத்துக்கு எண்ணெயில் நனையும் கிளச், எஸ்.ஈ. ரகத்துக்கு உலர் கிளச், எஸ்.பி. ரகத்துக்கு உலர் கிளச்சுடன் மக்னீசியம் சக்கரங்களும். எஸ்.பி.யின் விலை உயர்வு. ஆகவே சாதாரண வண்டிக்கு எஸ்.பி.யின் வர்ணத்தைப் பூசி விற்பவர்கள் இருக்கிறார்கள். வர்ணத்தைப் பூசலாம், உலர் கிளச் எழுப்பும் கலகலவென்ற ஒலியைப் பூச முடியாது. ஆனால் அந்தக் கிளச்சையும் எஸ்.ஈ. வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம் என்பதை மறக்கக்கூடாது. ஆசனத்தின் கீழுள்ள வர்ணக் குறியீட்டுச் சீட்டு, சக்கரங்கள், கிளச், சட்டக இலக்கம் ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பத்திரிகைத் தொழிலில் ஒரு செய்தியை ஒரு வாயால் மட்டும் கேட்டு அச்சேற்றுவதில்லை என்று எங்கள் தலைமுறைக்குப் பழக்கினார்கள். அந்த விதி இங்கும் அப்படியே பொருந்துகிறது.

1990களின் இறுதியில் இறுகிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இவ்வகை டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு முடிவுரை எழுதின. புதிதாக இனி வரப்போவதில்லை. இருப்பவை நாளுக்கு நாள் குறைகின்றன. தவறான அடையாளத்துடன் வாங்கியவர் தவறான உதிரிப்பாகத்தைத் தருவித்து, அதைப் பொருத்தி, எஞ்சியிருக்கும் ஓர் இயந்திரத்தையும் கெடுத்துவிடுகிறார். ஆகையால் விலை பேசும் முன், கைப்பிடியின் கீழே சட்டகத்தின் தலைப்பகுதியை ஒரு துணியால் துடைத்து, எழுத்துகள் சுரண்டப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே சுரண்டல் தெரிந்தால், அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வதே புத்தி.