நகரமைப்பும் நகர மக்களும்

நிலம் பெருகுவதில்லை, அதனை நம்பி வாழும் மக்கள்தொகையோ பெருகிச் செல்கின்றது. எந்நிலத்திலே பயிரிடுவது, எங்கே குடியிருப்பது, எங்கே தொழிற்சாலை எழுப்புவது என்பவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதுதான் நிலப் பயன்பாட்டுத் திட்டம். இம்முயற்சி வளர்ந்த வரலாற்றை, இலண்டனுக்கு வடக்கே உள்ள ஹேட்ஃபட்ஷயர் கவுண்டியிலே நன்கு காணலாம். கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒருவாறு ஒத்த ஆட்சிப் பிரிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இலண்டன் நகரம் நெரிசலால் இடர்ப்பட்டது. நாட்டுப்புறத்திலோ வேளாண்மை நலிவுற்று, மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். இவ்விரு நோய்க்கும் ஒரே மருந்து கூறினார் எபனேசர் ஹவாட். அவர் பாராளுமன்றச் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றியவர். 1898 இல் வெளியான தம் நூலிலே, 6,000 ஏக்கர் நிலத்தில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரம் அமைத்து, எஞ்சியதை வேளாண்மைக்கு விடவேண்டும் என்றார். 32,000 மக்கள் வாழும் அந்நகரின் நிலம் ஊர்ப்பொதுவாக இருத்தல் வேண்டும். நகரம் வளர நிலத்தின் பெறுமதி உயரும். அந்த உயர்வால் வரும் வருவாய் நகர மக்களின் நலனுக்கே பயன்படவேண்டும். இதுவே அவர் திட்டத்தின் உயிர்நாடி.

1903 இல், அக்கவுண்டியிலுள்ள லெச்வேத் என்னுமிடத்திலே 15 உரிமையாளரிடமிருந்து 3,818 ஏக்கர் நிலம் விலை பேசி வாங்கப்பட்டது. பரி பாக்கர், றேமண்ட் அன்வின் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் நகரை வகுத்தனர். முதலீட்டாளர் பெறும் பங்கிலாபம் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. 1920 இல் அதே கவுண்டியில் வெல்வின் பூங்கா நகரமும் தோன்றியது.

இவை இரண்டும் தனியார் முயற்சிகள். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சால் இலண்டனின் பல பகுதிகள் அழிந்தபின், அரசே இப்பணியை மேற்கொண்டது. 1944 இல் பற்றிக் அபர்குறொம்பி வகுத்த பெரிய இலண்டன் திட்டம், தலைநகரைச் சூழப் பசும் வளையம் ஒன்றையும், அதற்கப்பால் புதிய நகரங்களையும் வேண்டிநின்றது. 1946 இல் புதிய நகரங்கள் சட்டம் நிறைவேறியது. முதலிலே தேர்ந்தெடுக்கப்பட்டது ஹேட்ஃபட்ஷயரிலுள்ள ஸ்டீவனேஜ். ஏறத்தாழ 6,000 மக்கள் வாழ்ந்த அச்சிற்றூரை 60,000 மக்களின் நகராக்குவதே நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆயினும் வீட்டையும் வயலையும் இழக்கவிருந்த மக்கள் அதனை எவ்வாறு வரவேற்பர்? 1946 மே மாதத்திலே அமைச்சர் லூயிஸ் சில்கின் அவ்வூருக்கு வந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அவருடைய மோட்டார் வண்டிச் சக்கரங்களின் காற்று இறக்கிவிடப்பட்டது. பின்னர், புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையிலே 'சில்கின்கிராட்' என எழுதப்பட்டது. ஸ்டாலின்கிராட் என்னும் சோவியத் நகரின் பெயரைத் தழுவி எழுந்த ஏளனம் அது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. அமைச்சர் மக்களின் ஆட்சேபங்களைக் கருத்திற்கொண்டால் போதும், நீதிபதிபோல் அமர்ந்து தீர்ப்பளிக்க வேண்டியதில்லை என 1947 இல் அச்சபை முடிவு செய்தது. சட்டத்திலே அரசு வென்றது. பழைய ஊராரின் மனக்குறையோ தீர்ந்ததில்லை.

அதே ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டம், நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுக்கும் பொறுப்பைக் கவுண்டிச் சபைகளிடம் ஒப்படைத்தது. தன் நிலத்திலே புதுக் கட்டடம் எழுப்புவதற்கும் பொதுவாக அனுமதி பெறவேண்டியதாயிற்று. வீடும் வீதியும் அமைத்தால் மட்டும் போதாது என்பதை உணர்ந்த ஹேட்ஃபட்ஷயர் சபை, தொழிற்சாலையிலே முன்னரே செய்த பாகங்களைப் பொருத்திப் பாடசாலைகளை விரைந்து கட்டிப் புகழ்பெற்றது.

ஸ்டீவனேஜிலே குடியேறியவர்களும் வாளாவிருக்கவில்லை. நகரின் நடுவே வாகனம் புகாத கடைத்தெரு அமையுமா என்னும் ஐயம் எழுந்தபோது, 1954 இல் பொதுக்கூட்டம் கூடி, நடந்து செல்வோர்க்கே அவ்விடம் உரியது என வற்புறுத்தினர். அவ்வாறே அமைந்த நகர மையத்தை 1959 இல் எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்தார்.

லெச்வேத்துக்கும் சோதனை வந்தது. 1960 ஐ அடுத்து வெளியார் நிறுவனம் ஒன்று அந்நகரின் நிலத்தை ஆளும் கம்பனியைக் கைப்பற்றியது. அவ்வூர் நகரசபை பாராளுமன்றத்தை நாடி, 1962 இல் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்றது. நிலம் பொதுக் கூட்டுத்தாபனம் ஒன்றின் கைக்கு மாறியது. 1995 முதல் அதனை ஓர் அறநிறுவனம் நிருவகித்து, வருவாயை நகரின் நன்மைக்கே செலவிட்டு வருகின்றது. ஹவாட் கண்ட கனவைக் காத்தவர்கள், அதனை வரைந்த வல்லுநரல்லர். அங்கு வாழ்ந்த மக்களே.

இவ்வரலாறு இலங்கைக்கு முற்றிலும் அயலானதன்று. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் அமைப்பிலும் கொழும்புப் பிரதேசத் திட்டத்திலும் அபர்குறொம்பியின் கை உண்டு. இங்கும் குளங்களுக்காகவும் வீதிகளுக்காகவும் குடியேற்றங்களுக்காகவும் நிலம் சுவீகரிக்கப்பட்டது, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வரைபடத்திலே ஒரு கோடு இடுவது எளிது. அக்கோட்டினுள் யாருடைய வீடு, யாருடைய வயல் அகப்படுகின்றது என்பதை அவர்களிடமே சென்று கேட்டறிவது கடினம். ஸ்டீவனேஜ் மக்களிடம் முடிவு செய்தபின் கேட்டார்கள். அதனால் வழக்கும் பகையும் விளைந்தன. கடைத்தெரு அமையுமுன் கேட்டார்கள்; அதனால் மக்கள் தமதென்று போற்றும் நகர மையம் கிடைத்தது.