உள்ளத்தின் மருத்துவம்: அபூ ஸைத் அல்பல்கீ காட்டிய வழி

துயரம் சூழும் காலத்தில் பிறரிடம் மனம் திறந்து ஆலோசனை பெறுவது ஈமானின் குறைபாடு என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. ‘தொழுதால் தீராத கவலையா?’ என்ற கேள்விக்கு அஞ்சியே பலர் தம் வேதனையை மறைத்துக்கொள்கின்றனர். இஸ்லாமிய வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தருகிறதா என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

கி.பி. 610இல் ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பெற்று, நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நடந்ததை அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். அன்னையார் தேறுதல் கூறியதோடு அமையாது, முன்னை வேதங்களை அறிந்த முதியவரான வரகா இப்னு நவ்ஃபலிடம் அவர்களை அழைத்துச் சென்றார்கள். அன்புடையோரின் ஆறுதலும் அறிந்தோரின் விளக்கமும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

இந்த நடைமுறை உணர்வை ஒரு மருத்துவ முறையாகவே வகுத்தளித்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். பக்தாதில் தத்துவ அறிஞர் அல்கிந்தியிடம் பயின்றவர். புவியியலிலும் புகழ்பெற்ற இவர் ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தார்.

இவர் இயற்றிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூல் உடல்நலத்தை ஒரு பகுதியிலும், உள்ளத்தின் நலத்தை மறு பகுதியிலும் பேசுகிறது. உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்திற்கும் வரும். அதற்கும் காப்பும் சிகிச்சையும் உண்டு என்பதே அதன் அடிப்படை. சினம், அச்சம், துக்கம், அலைக்கழிக்கும் வஸ்வாஸ் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்கிறார். உற்றாரை இழத்தல் முதலிய காரணத்தால் வரும் துக்கம் வேறு, காரணம் புலப்படாத துக்கம் வேறு என்று பகுக்கிறார். பின்னதை உடல்நிலையோடு தொடர்புபடுத்தி, மருந்தையும் இதமான உரையாடலையும் சேர்த்தே பரிந்துரைக்கிறார்.

சிகிச்சை இருவகைப்படும் என்பார் அவர். ஒன்று, நலமுள்ள காலத்திலேயே நல்ல சிந்தனைகளை மனத்தில் சேமித்து, துன்பம் வரும்போது எடுத்துப் பயன்கொள்வது. மற்றொன்று, பிறர் கூறும் அறிவுரை. இரண்டாவதன் தேவைக்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது. மனிதனின் சொந்தக் கருத்து அவனுடைய விருப்பு வெறுப்போடு கலந்தே இருக்கும். ஆகவே தன் சொல்லைவிடப் பிறர் சொல்லையே அவன் எளிதில் ஏற்கிறான். மேலும், உணர்ச்சி மேலோங்கிய வேளையில் அவனுடைய அறிவு அடங்கிவிடுவதால், அவனுக்காகத் தெளிவுடன் சிந்திக்க மற்றொருவர் வேண்டும். வஸ்வாஸால் வருந்துவோர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்துகிறார்.

அல்பல்கீயின் சமகாலத்தவரான அபூபக்ர் அர்ராஸீ, தன் குறையை ஒருவன் தானே காண்பது அரிது. அறிவுள்ள நண்பரிடமே அதைக் கேட்டறிய வேண்டும் என்றார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும் தன் குறையை அறியும் வழிகளுள் முதலாவதாக நல்லாசிரியரையும், அடுத்ததாக உண்மை நண்பரையும் குறிப்பிடுகிறார்கள். துறைகள் வேறுபட்டாலும் இம்மூவரின் முடிவும் ஒன்றே.

அல்பல்கீயின் நூல் நெடுங்காலம் இஸ்தான்பூலின் அயாசோஃபியா சுவடிகளுள் உறங்கிக் கிடந்தது. 1984இல் பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் அதன் நிழற்படப் பதிப்பை ஃப்ராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார். ஸூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ, உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வழங்கினார்.

காய்ச்சல் கண்டவர் துஆவும் கேட்கிறார், மருத்துவரையும் நாடுகிறார். அதனைத் தவக்குலுக்கு முரண் என எவரும் கூறுவதில்லை. கணவரை இழந்து உறக்கமின்றித் தவிக்கும் பெண்ணும், தேர்வில் தோற்று எவரிடமும் பேசாதிருக்கும் இளைஞனும் தகுதிவாய்ந்த மனநல ஆலோசகரிடம் செல்லும்போது மட்டும் அவர்களின் ஈமானை ஐயுறுவது எவ்வகையில் நியாயம்? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அல்பல்கீ திறந்து வைத்த வாயில் அது. நம்முடைய ஏளனத்துக்கு அஞ்சி ஒருவரும் அதன் முன் தயங்கி நிற்கலாகாது.