குலவரிசையும் பாட்டும் அரசும்: டோங்கா அரசி சாலோட்டே துபோவின் ஆட்சி (1918–1965)

1918 ஏப்ரல் 5ஆம் நாள் இரண்டாம் ஜார்ஜ் துபோ மறைந்தபோது, டோங்காவின் அரியணை அவர் மகள் சாலோட்டேயிடம் வந்தது. அவருக்கு வயது பதினெட்டு. முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். அரசியல் சட்டம் ஆண் வாரிசுக்கே முன்னுரிமை தந்திருந்தது. தந்தைக்கு ஆண் பிள்ளை இல்லாததால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. பெருங்குடித் தலைவர்கள் பலருக்கு அதுவும் உவப்பாயில்லை. 1899இல் அவர்கள் சொன்ன பெண்ணை ஒதுக்கிவிட்டு, தனக்குப் பிடித்த லாவினியாவை அரசர் மணந்தார். அந்த மனக்கசப்பு லாவினியாவின் மகள்மீது இறங்கியது. தாய் 1902இல் இறந்தார். ஒதுக்கப்பட்ட பெண்ணின் குடும்பத்திலேயே தந்தை பின்னர் மறுமணம் செய்துகொண்டார். சிறுமி சாலோட்டே படிப்புக்காக ஆக்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அரியணை ஏறிய அதே ஆண்டு நவம்பரில் 'தலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து இன்ஃபுளுவென்சாவைக் கொண்டுவந்தது. மக்கள்தொகை முப்பதாயிரத்தைக்கூட எட்டாத நாட்டில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் மாண்டனர் என்பது ஒரு மதிப்பீடு.

இப்படித் தொடங்கிய ஆட்சி 47 ஆண்டுகள் நீடித்து, எவராலும் கேள்வி கேட்கப்படாத அதிகாரத்தோடு முடிந்தது. இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் எளிமையானது: எட்டாத் தொலைவில் ஒரு சிறு தீவுக்கூட்டம், பிரிட்டனின் பாதுகாப்பு, அன்பான அரசி. இந்த விளக்கம் போதாது என்பதே என் வாதம். குலவரிசை அறிவு, பாட்டு என்ற இரண்டையும் சாலோட்டே ஆட்சிக் கருவிகளாகவே கையாண்டார். பூசல் நிறைந்த பெருங்குடிகளை ஓர் அரசாகக் கட்டியவை அவை. சாதாரணக் குடிமக்களுக்கு அரசியலின் கதவைத் திறக்காமல் வைத்திருந்தவையும் அவையே.

முதலில், டோங்கா தன்னாட்சியை இழக்கும் ஆபத்து மெய்யானதா என்று பார்க்க வேண்டும். அண்டையிலிருந்த ஃபிஜி 1874இலேயே பிரிட்டனின் காலனியாகிவிட்டது. மேற்குச் சமோவா ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்தின் கைக்கு மாறியது. 1920களில் அங்கே அந்த ஆட்சியை எதிர்த்து 'மாவு' இயக்கம் எழுந்தது. டோங்கா 1900இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை அதற்கு உள்நாட்டு ஆட்சியை விட்டுவைத்தது. ஆனால் அந்த உரிமை எவ்வளவு மெலிதானது என்பதை அடுத்த ஐந்தாண்டுகளிலேயே டோங்கர்கள் கண்டார்கள். மேற்குப் பசிபிக் உயர் ஆணையர் எவரார்ட் இம் தர்ன் தலையிட்டு, அரசரின் முதலமைச்சரைப் பதவியிறக்கி நாடு கடத்தினார். 1905 ஒப்பந்தப்படி முக்கியமான செயல்களில் பிரிட்டிஷ் தூதரின் ஆலோசனையைக் கேட்டே அரசர் நடக்க வேண்டியிருந்தது. பெருங்குடிகள் அரண்மனையோடு மோதிய ஒவ்வொரு முறையும் வெளியார் உள்ளே வரக் காரணம் கிடைத்தது. ஆகவே உள்நாட்டு ஒற்றுமையை உருவாக்குவது அரசிக்கு அறநெறி விருப்பம் மட்டுமாக இருக்கவில்லை. அதுவே இறையாண்மைக் கொள்கை.

அந்தக் கொள்கையின் முதல் படி அவருடைய திருமணம். டோங்காவின் பண்டைய அரசமரபுகள் மூன்று: துஇ டோங்கா, துஇ ஹாஅதகலாவுவா, துஇ கனோகுபோலு. துபோ அரசர்கள் மூன்றாம் மரபினர், காலத்தால் இளையவர்கள். 1917இல் சாலோட்டே மணந்த துங்கீ மைலேஃபிஹி இரண்டாம் மரபின் தலைவர். இவர்களுடைய மகனில் மூன்று மரபுகளின் குருதியும் சேர்ந்தது என்று டோங்கர்கள் கொண்டாடினார்கள். துங்கீ 1923 முதல் 1941இல் இறக்கும்வரை முதலமைச்சராகவும் இருந்தார். மணஉறவு ஏற்பாட்டில் அரசர்கள் எங்கும் வல்லவர்கள்தாம். சாலோட்டேயைத் தனித்துக் காட்டுவது, யார் எந்தக் கிளையில் எத்தனையாம் தலைமுறையில் பிரிந்தார், யாருடைய தாய்வழி யாரைவிட உயர்ந்தது என்பதையெல்லாம் அவரே அறிந்து வைத்திருந்ததுதான். 1875 அரசியல் சட்டம் பிரபுக்களின் பட்டங்களைப் பரம்பரை நிலப்பகுதிகளோடு பிணைத்திருந்தது. குலவரிசையில் ஒரு பெயர் இடம் மாறினால் நிலமும் இடம் மாறும். அத்தகைய நாட்டில் வம்சாவளியை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் கையில் இருந்தது சட்டமே. 1950களில் அவர் டோங்கா மரபுக் குழுவை நிறுவி வாய்மொழி மரபுகளைச் சேகரிக்கச் செய்ததை வெறும் பண்பாட்டு ஆர்வமாகக் காண்பது பிழையாகும்.

இந்த அறிவால் எல்லாவற்றையும் சாதிக்க முடியவில்லை என்பதற்குத் திருச்சபைப் பிளவு சான்று. 1885இல் முதலாம் ஜார்ஜ் துபோ ஆஸ்திரேலிய வெஸ்லியன் மிஷனிலிருந்து பிரிந்து சுதந்திரத் திருச்சபையை உருவாக்கியபோது ஏற்பட்ட பிளவு, குடும்பங்களையே இரண்டாக்கியிருந்தது. 1924இல் அரசி இரு சபைகளையும் இணைத்தார். மிஷனரி ராட்ஜர் பேஜ் அதில் அவருக்குத் துணை நின்றார். ஆனால் சுதந்திரத் திருச்சபையின் தலைவர் வாட்கின் இணைய மறுத்தார். அவரைப் பின்பற்றியோர் தனித்தே இருந்தனர். சில ஆண்டுகளில் ஃபீனாவு உலுகாலாலா என்ற பெருந்தலைவரின் கீழ் இன்னொரு சபையும் கிளைத்தது. இரண்டை ஒன்றாக்க முயன்றதில் மூன்று ஆனது என்று எதிரிகள் சொல்ல இடமிருந்தது. ஆயினும் பெரும்பான்மையோர் அரசியின் சபையிலேயே இருந்தனர். மிஷனின் பிடியும் அரண்மனையின் பிடியும் ஒரே கையில் வந்தன.

அவருடைய பாடல்களுக்கு வருவோம். இந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள இவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை என்று நான் கருதுகிறேன். காதற்பாட்டு, இரங்கற்பா, தாலாட்டு, நூற்றுக்கணக்கானோர் வரிசையாக நின்று பாடி ஆடும் லக்கலக்கா என நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அவர் இயற்றினார். டோங்கக் கவிதையின் உயிர் 'ஹெலியாகி' என்னும் உத்தி. ஆளைச் சொல்லாமல் அவருக்குரிய மலரை, பறவையை, ஊரை, காற்றைச் சொல்வது, புகழ்வதுபோல் எச்சரிப்பது. சங்கப் பாடலின் உள்ளுறையில் பழகியவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் பிடிபடும். வேறுபாடு, இங்கே அந்த உள்ளுறை அவையில் உயிரோடு அமர்ந்திருக்கும் தலைவர்களைப் பற்றியது. எந்த மலர் மாலையில் முதலில் கோக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை அவர்கள் ஒவ்வொருவரும் கவனித்தார்கள். அரசாணையால் ஒரு தலைவரைத் தாழ்த்தினால் அவர் தூதரிடம் போய் முறையிடலாம். பாட்டில் தன் ஊர் இரண்டாம் இடத்தில் நின்றதைப் பற்றி யாரிடம் முறையிடுவது? அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தப் பாட்டை ஆடியவர்கள் அந்தத் தலைவரின் சொந்த ஊர் மக்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அரசி வகுத்த வரிசைமுறையை அவர்கள் உடலிலேயே பதித்துக்கொண்டார்கள். லக்கலக்காவை யுனெஸ்கோ 2003இல் மானுடத்தின் வாய்மொழிப் பாரம்பரியத் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. இக்கலையை அரசியல் வரலாற்றாளர்கள் இன்னும் நாட்டியத் துறைக்கே விட்டுவைத்திருப்பது வருந்தத்தக்கது.

1953 ஜூன் 2ஆம் நாள் லண்டனில், இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு ஊர்வலத்தில், கொட்டும் மழையில் வண்டியின் கூரையை மூடாமல் அவர் நனைந்தபடி சென்றதையும் இவ்வழியிலேயே காண வேண்டும். பத்திரிகைகள் அதை வெள்ளந்தியான உற்சாகமாக எழுதின. மதிப்புக் காட்ட வேண்டிய இடத்தில் தன் வசதியைப் பார்ப்பது டோங்க மரபன்று என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். வரிசைமுறையை நன்கறிந்த ஒருவர், பேரரசின் தலைநகரில் அதை ஒரு சொல்லும் பேசாமல் செய்துகாட்டினார். ஐந்தாண்டு கழித்து 1958இல் பிரிட்டனுடனான உடன்படிக்கை டோங்காவுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டது. அவர் மகன் காலத்தில் 1970இல் பாதுகாப்பு முற்றும் நீங்கியது. ஊர்வலத்தால் உடன்படிக்கை திருந்தியது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியார் தலையிடக் காரணமே இல்லாத ஒரு நாடாக டோங்கா அதற்குள் ஆகியிருந்தது.

இந்தக் கட்டுமானத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் 33 பட்டங்களைச் சேர்ந்த பிரபுக்களுக்கு 7 இடங்கள். எஞ்சிய மக்கள் அனைவருக்கும் 7 இடங்கள். அமைச்சர்கள் அரசியின் நியமனம். அவர் ஆட்சி முடியும்வரை இது மாறவில்லை. பதினாறு வயதான ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் விளைநிலம் என்பது சட்டம். மக்கள்தொகை பெருகப் பெருக, நிலம் கிடைக்காத இளைஞர்கள் பெருகினார்கள். பெண்களுக்கு அந்த உரிமையே இல்லை. பெண்களுக்கென 1926இல் அமைந்த பள்ளி அரசியின் பெயரைத் தாங்கியது; 1960 தேர்தலில் பெண்கள் வாக்களித்தார்கள். ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு பெண் ஆண்ட நாட்டில் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்படவில்லை. இதைத் தவறவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. நிலம், பட்டம், குலவரிசை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ஒன்றை அவிழ்த்தால் தாம் கட்டியது முழுவதும் தளரும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அறிந்தே அவர் விட்டுவைத்தார் என்பதுதான் என் முடிவு.

சாலோட்டே 1965 டிசம்பர் 16ஆம் நாள் ஆக்லாந்தில் காலமானார். அவர் விட்டுச்சென்ற ஏற்பாட்டின்மீது சாதாரணக் குடிமக்களின் சனநாயக இயக்கம் பிந்தைய தலைமுறையில் எழுந்தது. 2010 நவம்பரில் நடந்த தேர்தலில்தான், 26 இடங்களில் 17ஐ மக்கள் நேரடியாக நிரப்பும் சட்டமன்றம் டோங்காவில் முதன்முறையாக அமைந்தது.