துப்புத் துலங்காத மாளிகை

ஆங்கில நாட்டுச் சிற்றூரொன்றில் ஒரு பெரிய மாளிகை. விருந்தினர் சிலர் வந்து தங்கியிருப்பர். இரவு உணவு முடிந்து எல்லாரும் உறங்கச் செல்வர். விடிந்தால் வீட்டுத் தலைவர் தம் அறையில் பிணமாகக் கிடப்பார். கதவோ உட்புறம் தாழிட்டிருக்கும், சன்னலும் அடைத்திருக்கும். கொன்றவன் எவ்வழியே வந்தான், எவ்வழியே போனான் என்று எல்லாரும் திகைக்க, துப்பறிவாளர் ஒருவர் வந்து அனைவரையும் கூடத்தில் அமர்த்தி, இன்னார்தாம் குற்றவாளி என்று சுட்டுவார். கதை முடியும்.

இவ்வகைக் கதைக்கு இலக்கணம் வகுத்தவருள் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். ரொனால்டு நாக்ஸ் அடிகளார் 1929ஆம் ஆண்டில் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை எழுதினார். ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இரகசிய வழி இருத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அவருக்கு முன்பே செஸ்டர்டன், பிரௌன் அடிகளார் என்னும் குருவையே துப்பறிவாளராக்கிவிட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மனித உள்ளத்தைக் கேட்டறிந்தவருக்குக் குற்றவாளியின் மனம் புரியாதா என்பது அவர் எண்ணம்.

தமிழகமும் இச்சுவைக்கு அந்நியமன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மர்ம நாவல்களால் வாசகரைக் கட்டிப்போட்டவர்கள். நம் கொங்கு மண்ணில் கோவை ராஜேஷ்குமார் எழுதிக் குவித்திருக்கிறார். அவிநாசியிலிருந்து ஈரோடு போய்ச் சேர்வதற்குள் ஒரு கொலையைக் கண்டுபிடித்து முடித்துவிடும் பயணிகளை நாம் பேருந்தில் பார்த்ததுண்டு.

ஆனால் இம்மாளிகைக் கதைகளுக்கு நிகரான ஒன்று கதையாக அன்றி வரலாறாகவே சென்னையில் நடந்தது என்பதைப் பலர் அறியார்.

தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்றொரு மாளிகை இருந்தது. தந்தையை இழந்த இளம் ஜமீன் வாரிசுகளின் சொத்துகளை அக்காலத்தில் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்னும் அரசு அமைப்பு நிருவகித்து வந்தது. சொத்தோடு சொத்தாகப் பிள்ளைகளையும் அரசே வளர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. அப்பிள்ளைகளை ஆங்கில நடையுடை பாவனைகளில் பழக்கி, வெள்ளையராட்சிக்கு உற்ற துணைவர்களாக ஆக்குவதற்கென அமைந்ததே நியூயிங்டன் கல்லூரி. அதன் முதல்வர் கிளமெண்ட் டி லா ஹே என்னும் ஆங்கிலேயர். மனைவியுடன் அங்கேயே குடியிருந்தார்.

1919 அக்டோபரில் ஓரிரவு, உறங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டை நினைவிற்கொள்ள வேண்டும். ரௌலட் சட்டமும், ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக் படுகொலையும் நிகழ்ந்த ஆண்டு அது. அத்தகைய வேளையில் ஆங்கிலேயர் ஒருவர் தம் படுக்கையிலேயே மாண்டது சென்னையின் வெள்ளையர் குடியிருப்புகளை நடுங்கச் செய்தது. ஐயம் வெளியாரை நோக்கிச் செல்லவில்லை. வளாகத்தினுள் உறங்கிய மாணவரையே சூழ்ந்தது. கதைகளில் வரும் மாளிகையைப் போலவே இதுவும் மூடிய வட்டம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கடம்பூர், சிங்கம்பட்டி ஆகிய இரு ஜமீன்களின் இளைஞர் இருவர் கைதாயினர். அவர்களுள் சிங்கம்பட்டி இளவரசர் அப்ரூவராக மாறினார். குற்றக் கூண்டில் கடம்பூரார் நின்றார்.

சென்னையில் நடுநிலையான விசாரணைக்கு இடமில்லை எனக் கருதப்பட்டதால் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தோழனின் சாட்சியத்தை ஜூரிகள் நம்பவில்லை. கடம்பூரார் விடுதலையானார். அப்படியானால் கொன்றவர் யார்? அக்கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை கூறவில்லை. முதல்வர் மாணவரை இழிவாகப் பேசியது காரணம் என்றும், வேறு பலவும் ஊரார் பேசிக்கொண்டனர். இறந்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மறுமொழி கூற இயலாத இன்று அவ்வதந்திகளைக் கிளறுவதில் நமக்கு விருப்பமில்லை.

நம்மை ஈர்ப்பது வழக்கின் முடிவன்று. முடிந்தபின் அது சென்ற பாதையே. பம்பாய் வழக்கறிஞர்களுக்கும் பயணங்களுக்கும் பணத்தை வாரி இறைத்ததில் சிங்கம்பட்டி ஜமீன் பெருங்கடனில் ஆழ்ந்தது என்பது நெல்லைப் பகுதியில் வழங்கும் செய்தி. பொருநையாற்றின் நீர்ப்பிடிப்பு மலைகள் அந்த ஜமீனின் உடைமையாயிருந்தன. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாகக் கிடைத்தவை அவை என்பது அக்குடும்ப மரபு. அவற்றுள் ஏறத்தாழ 8,370 ஏக்கர் காடு 1929இல் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. நம் ஆனைமலையில் முடீஸ் தோட்டங்களை நடத்திவந்த அதே நிறுவனந்தான் அது. காடு அழிந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை பரந்தது. சமவெளியின் ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், கங்காணிகளின் பின்னே மலையேறினர். அட்டைக்கடியும் குளிரும் லயன் வீடுகளுமே அவர்கள் கண்ட மாளிகை.

ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. ஜமீன் போயிற்று; குத்தகை போகவில்லை. நியூயிங்டன் என்ற பெயரையே கேட்டறியாத நான்கு தலைமுறையினர் அங்கே கொழுந்து கிள்ளினர்.

1999 ஜூலை 23ஆம் நாள், கூலி உயர்வு கோரியும் சிறைப்பட்ட தோழரை விடுவிக்கக் கோரியும் அவர்களும் அவர்களுக்கு ஆதரவானோரும் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றனர். காவலர் தடியடி நடத்தினர். அஞ்சி ஓடியோர் தாமிரபரணியில் இறங்கினர். அன்று மாண்டவர் 17 பேர். அவர்களுள் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று.

அவிநாசியில் வாழும் நமக்கு இச்செய்தியைப் படிக்கையில் ஊர்ப் புராணம் நினைவிற்கு வராமல் இராது. குளத்தில் நீராடிய சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சென்றபின், பிழைத்தவன் வீட்டில் பூணூல் மங்கலம், எதிர்வீட்டில் அழுகை. அவ்வழியே வந்த சுந்தரர் பாட, முதலை பிள்ளையை மீட்டுத் தந்தது என்பர். அக்கதையில் நம் நெஞ்சைத் தொடுவது அற்புதம் மட்டுமன்று. மங்கல ஒலிக்கு நடுவே எதிர்வீட்டு அழுகை எதற்கென்று ஒருவர் நின்று கேட்டாரே, அதுதான். தாமிரபரணிக் கரையில் என்ன நடந்தது என்று விசாரிக்க நீதிபதி மோகன் ஆணையம் அமைந்தது. பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்தனர் என்றது அது. அவர்களை நீருக்குள் துரத்தியது எது என்று உறவினர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

துப்பறியும் கதையாசிரியர் குற்றவாளியைக் காட்டியதும் பேனாவை மூடிவிடுகிறார். மாளிகையின் செலவுக் கணக்கை அவர் எழுதுவதில்லை. சமையற்கட்டிலும் தோட்டத்திலும் நிற்போர் அக்கதைகளில் பெரும்பாலும் சாட்சி சொல்ல மட்டுமே வருவர் என்பதை அகதா கிறிஸ்டியின் வாசகர்கள் கவனித்திருக்கக் கூடும்.

குத்தகை 2028இல் முடிவடைய வேண்டியது. மலை இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. காலம் முடியுமுன்னரே நிறுவனம் வெளியேற முடிவுசெய்து, 2024இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. அங்கேயே பிறந்து அங்கேயே மூத்தவர்கள் வீட்டைக் காலி செய்யுமாறு சொல்லப்பட்டனர். தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே ஏற்று நடத்தட்டும் என்று அவர்கள் வழக்காடினர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கான உதவிகளை அரசு செய்யவேண்டும் என்றது. காட்டைக் காடாகவே விடுவது நியாயந்தான். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் அக்காட்டை அடகுவைத்தவர்கள் அவர்கள் அல்லர்.