மலேஸ்: நோயாகாத ஒரு நோவின் வரலாறு

ஆங்கிலத்தில் 'மலேஸ்' என்றொரு சொல் உண்டு. மருத்துவ நூல்களில் அது காய்ச்சல் வெளிப்படுவதற்கு முன் உடலில் தோன்றும் இனம்புரியாத அசதியைக் குறிக்கும். அரசியல், சமூகக் கட்டுரைகளிலோ ஒரு மக்கள் கூட்டத்தில் பரவியிருக்கும், காரணம் சுட்ட இயலாத மனக்குறையைக் குறிக்கும். நம் பேச்சு வழக்கில் 'உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது' என்கிறோமே, அதுதான் இதற்கு மிக நெருங்கிய தொடர். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விடை இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடிவதில்லை. நலத்துக்கும் நோய்க்கும் இடைப்பட்ட இந்த நிலத்துக்குப் பெயரிட, சொல்வளம் மிக்க ஆங்கிலம் பிரெஞ்சு மொழியிடம் கடன் வாங்க நேர்ந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடினால் வேறொரு சொல்லின் கதையில் தொடங்க வேண்டியிருக்கிறது.

அச்சொல் 'டிசீஸ்'. இன்று அதற்கு நோய் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆனால் அதன் உடலுக்குள் 'ஈஸ்' இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'எய்ஸ்' என்றால் சுகம், இளைப்பாறுதல். அதன் முன்னே எதிர்மறை ஒட்டைச் சேர்த்தால் சுகமின்மை. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அச்சொல் மனத்துயர், தொல்லை, உடற்பிணி அனைத்தையும் சுமந்து நின்றது. 1380களில் விக்லிஃப் வழியினர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பில், உலகத்தில் உங்களுக்குத் துன்பம் உண்டு என்று இயேசு சீடர்களிடம் கூறும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். 1526இல் வெளிவந்த டிண்டேலின் புதிய ஏற்பாட்டில் இது வினைச்சொல்லாகவே வருகிறது. யவீருவின் மகள் இறந்த செய்தியைக் கொண்டு வருபவர்கள், இனியும் போதகருக்கு ஏன் தொந்தரவு என்று கேட்கும்போது டிண்டேல் கையாளும் வினை அது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் வேறு வினை அமர்ந்துவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'கொரியோலேனஸ்' நாடகத்தில், பிறர் மகிழ்ச்சியைக் கெடுத்தல் என்ற பொருளில் அந்த வினை இன்னும் உயிரோடிருக்கிறது. பின்னர் விரிந்த பொருள் சிறிது சிறிதாக உதிர்ந்து, மருத்துவர் பெயர் சூட்டக்கூடிய பிணி மட்டுமே எஞ்சியது.

தமிழிலக்கியம் பயின்றோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. 'நோய்' என்ற சொல்லை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உடற்பிணிக்கு ஆள்கிறார். 'இன்னாசெய்யாமை' அதிகாரத்தில் பொதுவான துன்பத்துக்கு ஆள்கிறார். அகப்பாடல்களில் அதுவே பிரிவாற்றாமை. இன்றைய வழக்கில் நோய் என்றால் பிணி என்பதே முதலில் மனத்தில் எழுகிறது. மெல்லிய நலக்குறைவைச் சொல்ல நாமும் 'சுகமில்லை' என்கிறோம். எழுத்தில் 'சுகவீனம்' என்கிறோம். சுகம் குறைந்த நிலை என்பதே அதன் பொருள். டிசீஸ் பிறந்த அதே வழிதான்.

டிசீஸ் இறுகிப்போன பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வெற்றிடம் உண்டானது. 1760களில் முதுமையின் தளர்ச்சியில் இருந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு, தம் உடல்நிலையைக் கூற வந்த இடத்தில் மலேஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லை நாடினார். 'மல்' என்றால் கெட்ட. 'எய்ஸ்' நமக்குத் தெரிந்ததே. அதாவது, வாசல் வழியாக வெளியேறிய பொருள், வேறு முன்னொட்டை அணிந்துகொண்டு அதே வேரோடு திரும்பி வந்தது.

இச்சொல்லின் நுட்பம் 20ஆம் நூற்றாண்டில் ஒரு நூலின் தலைப்பால் தெளிவாகிறது. 1930இல் வெளிவந்த ஃப்ராய்டின் நூலுக்கு அவர் முதலில் கருதிய தலைப்பில் 'மகிழ்ச்சியின்மை' என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல் இருந்தது. பின்னர் அதை நீக்கி 'உன்பெஹாகன்' என்ற சொல்லை இட்டார். மனம் ஓரிடத்தில் இதமாகப் பொருந்தி அமர இயலாத நிலையே அது. ஆங்கிலத்தில் 'டிஸ்கம்ஃபர்ட்' என்று வைக்கலாம் என மொழிபெயர்ப்பாளர் ஜோன் ரிவியருக்கு அவரே எழுதினார். ரிவியர் தேர்ந்ததோ 'டிஸ்கன்டென்ட்ஸ்'. அத்தலைப்பே நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு இச்சிக்கல் எழவில்லை. மலேஸ் தயாராக இருந்தது. டிஸ்கம்ஃபர்ட் நாற்காலி சரியில்லாததையும் குறிக்கும். டிஸ்கன்டென்ட் என்றால் எதன்மீதோ அதிருப்தி. மலேஸுக்கு அத்தகைய இலக்கு கிடையாது. நாகரிகம் நம்முள் விதைக்கும் குற்றவுணர்வு தன் பெயரைச் சொல்லாமல் ஒருவகை அமைதியின்மையாகவே வெளிப்படுகிறது என்பது ஃப்ராய்டின் வாதம். இலக்கற்ற சொல்லே அதற்குப் பொருந்தும்.

தனிமனித உள்ளத்திலிருந்து இச்சொல் ஒரு நாட்டின் அரசியலுக்குள் நுழைந்த நிகழ்ச்சி 1979இல் அமெரிக்காவில் நடந்தது. ஈரானியப் புரட்சியை அடுத்து எண்ணெய்த் தட்டுப்பாடு. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள். எரிசக்தி குறித்து ஜூலை 5 அன்று பேசுவதாக இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவ்வுரையை ரத்துசெய்து, கேம்ப் டேவிட் மாளிகையில் பத்து நாட்கள் பலதரப்பட்டோரைக் கலந்தாலோசித்தார். ஜூலை 15 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டின் உண்மையான சிக்கல் எண்ணெயன்று, தன்னம்பிக்கை இழப்பே என்றார். பொருட்களை வாங்கிக் குவிப்பதால் வாழ்வின் வெறுமை நிறையாது என்றார். 'மலேஸ்' என்ற சொல்லை அவ்வுரையில் அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. எனினும் வரலாற்றில் அது 'மலேஸ் உரை' என்றே பெயர் பெற்றுவிட்டது.

உரைக்கு உடனடியாகக் கிடைத்தது நல்ல வரவேற்பு. கருத்துக் கணிப்பில் அவருக்கான ஆதரவு 11 புள்ளிகள் உயர்ந்தது. இரண்டே நாட்களில் அமைச்சரவை முழுவதையும் பதவி விலகல் கடிதம் தரக் கேட்டுக் குழப்பத்தை உண்டாக்கியவரும் அவரே. நவம்பரில் டெஹ்ரானில் பணயக் கைதிகள் விவகாரம் வெடித்தது. அதே மாதம் கட்சிக்குள் அவரை எதிர்த்துப் புறப்பட்ட எட்வர்ட் கென்னடி, மக்கள்மீது பழி சுமத்தப்படுவதாகக் குற்றம் சாட்டியபோது மலேஸ் என்ற சொல்லை எடுத்தாண்டார். 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களை வென்றார். ஒரு சொல்லால் மட்டும் நேர்ந்த தோல்வியல்ல அது. விலைவாசியும் ஈரானும் பெருங்காரணங்கள். ஆயினும் 2024 டிசம்பரில் தம் 100ஆம் வயதில் மறையும்வரை தாம் சொல்லாத அச்சொல் கார்ட்டரைத் தொடர்ந்து வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கார்ட்டர் பேசியது தம்மையும் உள்ளிட்ட 'நம்' மனக்குறையைப் பற்றி. எதிர்த்தரப்பினர் அதற்குச் சூட்டிய பெயரோ, மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் முடிவாக மக்கள் காதில் விழுந்தது. நீ நோயாளி என்று சொல்லக் கேட்க எவரும் விரும்புவதில்லை. டிசீஸ் பல நூற்றாண்டுகளில் அடைந்த இறுக்கத்தை, மலேஸ் அந்த அரசியல் மேடையில் சில மாதங்களிலேயே அடைந்துவிட்டது. அதோடு, நுகர்வைக் குறித்து அவ்வுரை எழுப்பிய கேள்வியும் விவாதத்திலிருந்து நழுவிப்போயிற்று.

இதனால்தான் இச்சொல்லைத் தமிழாக்குவோர் 'நோய்' என்றோ 'சீர்கேடு' என்றோ எழுதிவிடக் கூடாது என்கிறோம். இரண்டும் தீர்ப்புகள். மலேஸ் இன்னும் தீர்ப்புக்கு முந்தைய நிலையிலேயே நிற்கிறது. 'நோவு' என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. நலிவு, சுகக்கேடு என்பனவும் இடத்துக்கேற்பப் பயன்படும். நோயை ஆராய்ந்து, பின் அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பிறகே மருத்துவம் செய்யச் சொல்கிறார் வள்ளுவர். மலேஸ் அந்த முதல் ஆராய்ச்சியைத் தொடங்கச் சொல்லும் அறிகுறி. அதையே நோயின் பெயராக எழுதிவிட்டால் ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சாது.