குளிர் ஒளியும் பொருளும்: லூசிபெரேஸ் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உயிரினங்கள் உமிழும் ஒளி நெடுங்காலமாக வியப்புக்கும் அச்சத்துக்கும் உரியதாகவே இருந்து வந்துள்ளது. வெப்பமின்றி ஒளி தோன்றுவது அன்றாட அனுபவத்துக்கு முரணானது. ஆகவே அது உயிர் எனும் மறைபொருளின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டமை வியப்பன்று. அவ்வொளியை உயிரிலிருந்து பிரித்தெடுத்து, பரிசோதனைக் குழாயினுள் பொருள்களின் வினையாகக் காட்டிய வரலாறு, பொருள்முதல்வாதத்தின் அதிகம் பேசப்படாத அத்தியாயங்களுள் ஒன்றாகும். அதனை அதன் சமூகத் தளத்தில் வைத்து ஈண்டு நோக்குவோம்.

முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியரான பிளினி, ஃபோலாஸ் எனப்படும் துளையிடும் சிப்பியை உண்போரின் வாய் இருளில் ஒளிர்வதைப் பதிவு செய்துள்ளார். பதிவு இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. 1660களின் பிற்பகுதியில் றொபேட் போயில், ஒளிரும் உக்கிய மரத்துண்டைக் கண்ணாடிக் கலத்தினுள் இட்டுப் பம்பியினால் காற்றை வெளியேற்றினார். ஒளி மறைந்தது, காற்றை மீள அனுமதித்ததும் ஒளியும் மீண்டது. ஒட்சிசன் இனங்காணப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. கைவினைஞரின் உழைப்பில் உருவான காற்றுப் பம்பி இன்றேல் இவ்வினாவே எழுந்திராது என்பது மனங்கொளத்தக்கது.

தீர்க்கமான திருப்பம் பிரெஞ்சு ஆய்வாளரான றஃபாயேல் டுபுவாவினால் ஏற்பட்டது. 1885இல் பைரோஃபோறஸ் எனும் ஒளிரும் வண்டினையும், 1887இல் பிளினி குறிப்பிட்ட அதே ஃபோலாஸ் சிப்பியையும் அவர் ஆராய்ந்தார். ஒளிரும் உறுப்பைக் குளிர்நீரில் அரைத்துப் பெற்ற சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் பெற்ற சாறு ஒளிரவேயில்லை. அணைந்த சாற்றையும் ஒளிராத சாற்றையும் ஒன்றாகக் கலந்தபோது மீண்டும் ஒளி பிறந்தது. வெப்பத்தைத் தாங்கி, வினையில் செலவாகும் பொருளை லூசிபெரின் என்றும், வெப்பத்தால் அழியும் நொதியத்தை லூசிபெரேஸ் என்றும் அவர் பெயரிட்டார்.

இப்பரிசோதனையின் முக்கியத்துவத்தை அக்காலக் கருத்துப் போராட்டத்தின் பின்னணியிலேயே உணரலாம். நொதித்தல் உயிருள்ள கலத்தின் செயலே எனப் பாஸ்ரரும், அது இரசாயன மாற்றமே என லீபிக்கும் வாதிட்டிருந்தனர். கலமற்ற மதுவச் சாறும் நொதிக்கும் என எடுவார்ட் புக்னர் காட்டியது 1897இலேயாகும். அதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே, உயிரின் சுடர் எனக் கருதப்பட்ட ஒன்றை, உயிரி இறந்த பின்னர் இரு சாறுகளின் கலவையில் டுபுவா தோற்றுவித்திருந்தார். உயிர் என்பது புரதப் பொருள்களின் இருப்பு முறை எனும் கருத்தை ஏங்கெல்ஸ் 1878இல் முன்வைத்தார். ஆயினும் நொதியம் ஒரு புரதம் என்பதற்குச் சம்னரின் 1926ஆம் ஆண்டுப் பளிங்குகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்மினியின் லூசிபெரேஸ் 1956இல் பளிங்காக்கப்பட்டது.

எனினும் அனைத்தையும் ஒரே பொருளுக்குள் அடக்கும் இயந்திரப் பாங்கான நோக்கும் இங்கு தோல்வியுற்றது. ஓர் இனத்தின் லூசிபெரேஸ் தொலைவிலுள்ள வேறோர் இனத்தின் லூசிபெரினுடன் ஒளி தராது என்பதைப் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் நியூட்டன் ஹார்வி எடுத்துக்காட்டினார். லூசிபெரேஸ் என்பது ஒரு நொதியத்தின் பெயரன்று. ஒரே தொழிலைச் செய்யும் பல நொதியங்களின் பொதுப்பெயர். மின்மினியின் லூசிபெரேஸ், கொழுப்பமில வளர்சிதை மாற்றத்தில் ஈடுபடும் நொதியங்களுக்கு உறவானது. பழைய தொழில் புரிந்த பொருள் புதிய நிலைமைகளில் புதிய தொழிலை ஏற்றமைக்கு இது சான்று. இயற்கைக்கும் வரலாறு உண்டு என்பதே இதன் பொருள்.

இனி, இவ்வறிவு எவரது உழைப்பில் விளைந்தது எனும் வினாவுக்கு வருவோம். ஹார்வியின் மாணவரான வில்லியம் மெக்எல்ரோய், மின்மினி ஒளிர்வதற்கு ஏ.ரீ.பி. எனும் சக்திப் பொருள் இன்றியமையாதது என 1947இல் நிறுவினார். அவ்வாய்வுகளுக்கான மின்மினிகளைப் பிடித்துக் கொடுத்தோர் போல்ரிமோர் நகரத்துச் சிறுவர்கள். நூறு பூச்சிகளுக்கு 25 சதம் அவர்களுக்குக் கிடைத்த கூலி. யப்பானிலோ சிப்பிறிடினா எனும் சிறு கடலுயிரியை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவம் உலர்த்திச் சேகரித்தது. இருளில் நீர் சேர்த்தால் மங்கலாக ஒளிரும் அத்தூள் போரின் தேவைக்கானது. அதே உயிரியின் லூசிபெரினை 1956இல் நகோயாவில் பளிங்காக்கிய ஒசாமு சிமோமுறா, 1945இல் நாகசாகிக்கு அண்மையில் அணுகுண்டின் ஒளியைக் கண்ட இளைஞர். அறிவியல் சமூகத்துக்கு வெளியே வளர்வதன்று. 1985இல் மின்மினி லூசிபெரேசின் மரபணு பற்றீரியாவினுள் செலுத்தப்பட்டு நொதியம் அங்கே உற்பத்தியானது. பூச்சி பிடிக்கும் கைகளின் தேவை அதன் பின்னர் குறைந்தது.

மின்மினி ‘குறையற்ற விளக்கு’ எனப் பாடநூல்கள் நீண்டகாலம் புகழ்ந்தமையும் கவனத்துக்குரியது. 1960இல் வெளியான அளவீடு, வினைபுரியும் 100 லூசிபெரின் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 88 ஒளித்துகள்கள் பிறப்பதாகக் கூறிற்று. 2008இல் யப்பானிய ஆய்வாளர் துல்லியமாக அளந்தபோது அது 41 ஆயிற்று. முதல் எண் அளவீட்டின் வரம்புக்கு உட்பட்டது. ஆனால் அது ஐயமின்றி நிலைத்தமைக்கு, இயற்கை நிறைவானது, நோக்குடன் அமைக்கப்பட்டது எனும் பழைய கருத்துமுதல்வாத நம்பிக்கையும் துணைபுரிந்தது என்றே நாம் கருதுகின்றோம். கடவுளை வெளியேற்றிய ஆய்வுகூடத்தினுள் அவரது நிழல் சிலகாலம் தங்கிவிடுவதுண்டு.

மின்மினியை உவமையாக மட்டும் அறிந்த இலக்கிய மாணவர்க்கு இவ்வரலாறு அழகுணர்ச்சியைக் குறைக்கும் ஒன்றன்று. மறைபொருளை விளக்கம் அகற்றும்போது வியப்பு அழிவதில்லை. அது மண்டியிடும் வியப்பிலிருந்து வினவும் வியப்பாக மாறுகின்றது. அவ்வினா நொதியத்தோடு நின்றுவிடாமல், அதனைத் திரட்டித் தந்த பெயரற்ற கைகள் வரை செல்லும்போதே அறிவியலின் வரலாறு மக்களின் வரலாறாகும்.