மூணு மார்க் அட்டவணை

ப்ளஸ் டூவோடு வேதியியலுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு பி.காம் வந்தவன் நான். ஆனாலும் என் மேசையில் ஒரு குட்டி தனிம வரிசை அட்டவணை நிற்கிறது. நண்பன் கொடுத்தது. 118 கட்டம், ஒவ்வொன்றும் ஒரு கலர். அழகுக்குத்தான் வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு தாத்தா ஸ்காட்லாந்தில் இருக்கிறார். அவர் கதை இது.

2014-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தார்கள். 1968-லிருந்து சேர்ந்த சாமான்கள். அந்தக் குவியலில் ஆலன் எய்ட்கன் என்பவர் கண்ணில் ஒரு சுருள் பட்டது. பிரித்தால் வகுப்பறைச் சுவரில் மாட்டும் தனிம அட்டவணை. ஜெர்மன் மொழியில் இருந்தது. தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அதன் வயசு என்ன? தாளில் வருடம் இல்லை. வியன்னாவில் அச்சிட்டவர்களின் பெயர்தான் இருந்தது. ஆனால் அட்டவணையே துப்பு கொடுத்தது. மெண்டலீவ் 1869-ல் தன் அட்டவணையை வெளியிட்டபோது, இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்கு இடம் விட்டார். அவற்றில் காலியம் 1875-லும், ஸ்காண்டியம் 1879-லும், ஜெர்மானியம் 1886-லும் கிடைத்தன. இந்தத் தாளில் முதல் இரண்டும் உண்டு, ஜெர்மானியம் இல்லை. ஆக, 1879-க்கும் 1886-க்கும் நடுவில் தயாரானது. இருப்பதை வைத்து ஒரு எல்லை, இல்லாததை வைத்து இன்னொரு எல்லை!

கடைசி முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? கணக்குப் புத்தகம்! பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் பழைய வரவு செலவுப் பதிவுகளில் ஒரு வரி கிடைத்தது. 1888 அக்டோபரில் பேராசிரியர் தாமஸ் பர்டி, பான் நகரத்து கெர்ஹார்ட் நிறுவனத்தின் கேட்டலாக்கிலிருந்து 1885-ம் ஆண்டு அட்டவணை ஒன்றை 3 மார்க் கொடுத்து வாங்கியிருக்கிறார். வகுப்பறை அட்டவணைகளில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் அது ஒன்று. மெண்டலீவ் அட்டவணைக்கு 150 வயதான 2019-ல் செய்தி உலகமெங்கும் பரவியது. தாளைச் செப்பனிட்டுக் காப்பகத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். துறையில் மாட்ட அதே அளவில் ஒரு நகல் எடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் எங்கள் துறை அலமாரியைக் காலி செய்தோம். பழைய லெட்ஜர்கள், பில் கட்டுகள் எல்லாம் எடைக்குப் போயின. தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கிடைத்த காசில் டீ குடித்தோம். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

வவுச்சர் இல்லாத கணக்கு கணக்கே இல்லை என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 3 மார்க் செலவை ஒழுங்காக எழுதி வைத்த ஒரு குமாஸ்தாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் எழுதிய ஒரு வரி, நூற்று முப்பது வருடம் கழித்து விஞ்ஞானிகளுக்கே சாட்சி சொன்னது. நாங்கள் எடைக்குப் போட்டதில் எந்த வரி இருந்ததோ?

அடுத்த முறை அலமாரியைக் காலி செய்யும்போது, தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள் மக்களே.